பிள்ளையை மையத்தில் ஒப்படைத்துவிட்டோம். இரவில் அவனுடன் இருப்பது யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத் கலைந்த பிறகு நமது மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஹவுள் அருகே நமக்காகக் காத்திருந்தார். எம்.எஸ்.டபிள்யூ. இரண்டாம் ஆண்டு படிப்பவர். படிப்பின் ஒரு பகுதியாக ஒரு மாதக் களப்பயிற்சிக்கு அவரைக் கல்லூரி ஒரு தனியார் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பியிருந்தது. போதைப் பழக்கத்திலும் மனநலச் சிக்கலிலும் மாட்டிக்கொண்டவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை அளிக்கும் மையம் அது.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்று ஆரம்பித்தார்.

அந்த மையத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். கஞ்சாப் பழக்கம் என்று குடும்பத்தினர் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வயதுக் குடிநோயாளிகள் படுக்கும் அதே கூடத்தில்தான் அவனும் படுக்கிறான். வாரம் ஒருமுறை தாயாருடன் போனில் பேச விடுகிறார்கள். ஆனால் போன் ஸ்பீக்கரில் இருக்கும். பக்கத்தில் வார்டன் நிற்பார். பையன் "நல்லா இருக்கேன்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது இவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்திருக்கிறான். அதில் தாயாரின் எண். "ஒரு தடவ நேர்ல வந்து பாக்கச் சொல்லுங்கண்ணே. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

இந்த இளைஞரின் சங்கடம் இதுதான்: பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மையத்தில் பார்ப்பது, கேட்பது எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி அது. "நான் அந்த அம்மாவுக்கு போன் பண்ணினா, அமானிதத்துக்கு மோசடி பண்ணினவனா ஆயிடுவேனா ஹஜ்ரத்?"

உடனே பதில் சொல்ல நமக்குத் துணிவு வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். அந்த இரண்டு நாட்களில் படித்ததும், பிறகு தொடர்ந்து படித்ததும் இந்தக் கட்டுரையாக வளர்ந்திருக்கிறது. அவர் கேட்டது ஒரு மாணவரின் மஸ்அலாதான். ஆனால் பிள்ளையை எங்காவது சேர்த்துத் திருத்திவிடலாம் என்று நினைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் அதில் வேலை இருக்கிறது.

பயிற்சி மாணவரின் இடம்

முதலில், இப்படிப்பட்ட மையங்களில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயர்ப் பலகையில் இருப்பவர் மனநல மருத்துவர். அவர் வாரத்தில் சில மணி நேரம் வருவார். ஆலோசகர் பகலில் இருப்பார். பிள்ளை எழுவது முதல் உறங்குவது வரை, உறங்கிய பிறகும், உடன் இருப்பவர்கள் வார்டன்களும் உதவியாளர்களும்தான். பெரும்பாலும் சம்பளம் குறைவு. பயிற்சி அதைவிடக் குறைவு. சில மாதங்களில் வேலையை விட்டுப் போய்விடுவார்கள். அந்த இடத்துக்கு இன்னொரு புதியவர் வருவார்.

இவர்களுக்கு நடுவே வந்து நிற்பவர்தான் பயிற்சி மாணவர். உளவியல், சமூகப்பணி, செவிலியம் படிப்பவர்களுக்குக் களப்பயிற்சி கட்டாயம். அமெரிக்காவில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் பெறக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி முடித்திருக்க வேண்டும். மையத்துக்கு அவர் சம்பளம் இல்லாத ஒரு கை. குழு அமர்வில் உட்காருவார், குறிப்பேடு எழுதுவார், சாப்பாட்டுக்கு வரிசையில் அழைத்துப் போவார், கேரம் விளையாடுவார். பிள்ளைகள் அவரிடம்தான் மனம் திறப்பார்கள். வயதில் நெருக்கமானவர், தண்டிக்கும் அதிகாரம் இல்லாதவர், இன்னும் சில வாரங்களில் வெளியே போகப் போகிறவர். அங்கே நடப்பது அவருக்கு இன்னும் பழகிப்போகவில்லை. பழையவர்களுக்கு வழக்கமாகிவிட்ட காட்சி அவருக்கு உறுத்தும்.

அந்த உறுத்தலுக்கு மதிப்புக் கொடுக்காத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அதிக ஆவணங்கள் அமெரிக்காவில் இருக்கின்றன.

அமெரிக்கா கற்றுக்கொண்ட பாடம்

1958-இல் கலிஃபோர்னியாவில் சினனான் என்ற போதை மீட்பு அமைப்பு தொடங்கப்பட்டது. வட்டமாக உட்கார்ந்து ஒருவரை மற்றவர்கள் வார்த்தைகளால் தாக்கி உடைப்பதே அதன் சிகிச்சை முறை. உடைந்தவன் திருந்துவான் என்ற நம்பிக்கை. இந்த முறை அடுத்த சில பத்தாண்டுகளில் பதின்வயதினருக்கான மையங்களுக்குள் நுழைந்தது. போதை, பிடிவாதம், பள்ளிக்குப் போகாமை, மன அழுத்தம் என எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: வீட்டைவிட்டு வெகு தூரம் கொண்டுபோய், வெளியுலகத் தொடர்பை வெட்டி, கட்டுப்பாட்டில் வைப்பது.

பிள்ளையை அழைத்துப்போகும் முறையே அதிர்ச்சி தரும். பெற்றோர் பணம் கொடுத்து அமர்த்திய ஆட்கள் நள்ளிரவில் படுக்கையறைக்குள் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பிரபல நட்சத்திரம் பாரிஸ் ஹில்டன் தமக்குப் பதின்வயதில் இப்படித்தான் நடந்தது என்று 2021-இல் யூட்டா மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். கோடீஸ்வர வீட்டுப் பிள்ளைக்கே இந்த நிலை என்றால், அரசுப் பராமரிப்பில் இருந்து அனுப்பப்படும் அநாதைப் பிள்ளைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பல மையங்களில் 'படிநிலை' முறை இருந்தது. பிள்ளை கடைசிப் படியில் தொடங்குவான். சொன்னபடி நடந்தால் மதிப்பெண் ஏறும், படி உயரும். மேல் படிக்குப் போனால்தான் சில சலுகைகள். வீட்டுக்குப் போன் பேசுவதும் அந்தச் சலுகைகளில் ஒன்று! தாயின் குரலைக் கேட்பதே பரிசாக வைக்கப்பட்டது. அந்தப் போனையும் ஊழியர் ஒருவர் ஒட்டுக்கேட்பார். இன்னொரு பக்கம் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள்: "உங்கள் பிள்ளை அழுவான், அடிக்கிறார்கள் என்பான், கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சுவான். நம்பாதீர்கள், அது நடிப்பு." இந்த ஒரு வாக்கியம் எத்தனை பெற்றோரின் காதுகளை அடைத்தது என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

2007 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்தது. 1990 முதல் 2007 வரை இந்த மையங்கள் மீது ஆயிரக்கணக்கான புகார்கள் வந்திருப்பதை அது பதிவு செய்தது. 2005 ஒரே ஆண்டில் 33 மாநிலங்களில் 1,619 ஊழியர்கள் பிள்ளைகளைத் துன்புறுத்திய சம்பவங்களில் தொடர்புடையவர்களாக இருந்தார்கள். இறந்துபோன 10 பிள்ளைகளின் வழக்குகளை அலுவலகம் தனியாக ஆராய்ந்தது. மீண்டும் மீண்டும் வெளிப்பட்ட காரணங்களில் ஒன்று, பயிற்சி இல்லாத ஊழியர்கள்.

அதன் பிறகும் மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 2020 ஏப்ரல் 29 அன்று மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த மையம் ஒன்றில், 16 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சாண்ட்விச்சைத் தூக்கி எறிந்தான். ஊழியர்கள் பலர் சேர்ந்து அவனைத் தரையில் கிடத்தி, மேலே அழுத்தி அமர்ந்தார்கள். அவன் அசைவற்றுப் போன பிறகும் உதவிக்கு அழைக்கப் பல நிமிடங்கள் ஆயின. மே 1 அன்று மருத்துவமனையில் இறந்தான். பிரேதப் பரிசோதனை அதைக் கொலை என்றது. கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. செவிலியர் உட்பட மூவர் மீது வழக்குப் பதிவானது.

அந்த ஊழியர்கள் எல்லாரும் மனத்தால் கொடியவர்கள் என்று நாம் நினைக்கவில்லை. கோபத்தில் இருக்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளையை எப்படி அமைதிப்படுத்துவது என்று தெரியாத மனிதர்கள், ஆள் பற்றாக்குறை உள்ள ஓர் இடத்தில், உடல் பலத்தைச் சிகிச்சை என்று பழகிவிட்டார்கள். கூடி நின்றவர்களில் 'போதும், விடுங்கள்' என்று தடுக்க ஒருவர் இல்லை.

2024 ஜூனில் அமெரிக்க செனட் நிதிக் குழு, செனட்டர் ரான் வைடன் தலைமையில் நடந்த இரண்டாண்டு விசாரணையின் முடிவை வெளியிட்டது. நான்கு பெரிய நிறுவனங்களை அது ஆராய்ந்தது. அறிக்கையின் தலைப்பைத் தமிழில் 'அலட்சியக் கிடங்குகள்' எனலாம். துன்புறுத்தல் அங்கொன்றும் இங்கொன்றுமாக நடக்கும் விபத்து இல்லை, தொழில் நடத்தும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது என்பதே அதன் சாரம். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுக்கிறது. படுக்கைகள் நிரம்பினால் வருமானம். செலவைக் குறைக்க எளிய வழி ஊழியர்களைக் குறைப்பது. ஊழியர் குறைந்தால் பிள்ளைகளைக் கவனிக்க முடியாது. கவனிக்க முடியாதபோது அடக்குவது, தனியறையில் பூட்டுவது, ஊசி போட்டுத் தூங்கவைப்பது.

சட்டங்களும் வந்தன. யூட்டா மாநிலம் 2021-இல் கொண்டுவந்த சட்டத்தில் நம்மை நிறுத்தி யோசிக்கவைத்த ஒரு விதி உண்டு: பிள்ளை வாரந்தோறும் தன் குடும்பத்தாருடன், யாரும் ஒட்டுக்கேட்காமல், தனிமையில் பேச மையம் வழிசெய்ய வேண்டும். ஆண்டுக்கு நான்கு முறை அரசு ஆய்வாளர்கள் வர வேண்டும். 2024 டிசம்பரில் நாடு முழுமைக்குமான ஒரு சட்டமும் கையெழுத்தானது. ஆனால் அது முக்கியமாக, பத்தாண்டுகளுக்கு இந்த மையங்களைப் பற்றி ஆய்வு நடத்தி அறிக்கை தரச் சொல்கிறதே தவிர, மையங்கள் மீது நேரடிக் கட்டுப்பாடு எதையும் விதிக்கவில்லை. கேமராவின் முன்னால் உயிர்கள் போன பிறகும் இவ்வளவுதான் முடிந்திருக்கிறது.

இந்த நீண்ட வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். கட்டடம், கட்டணம், மருத்துவரின் பட்டங்கள் எதுவும் பிள்ளையின் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தருவதில்லை. பிள்ளையின் குரல் வடிகட்டப்படாமல் வெளியே வருகிறதா, வெளியாளின் கண் தடையில்லாமல் உள்ளே போகிறதா என்பதுதான் உரைகல்.

நமக்கும் ஓர் ஆகஸ்ட் 6 உண்டு

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் தப்ப வழியின்றிக் கருகி இறந்தார்கள். தர்காவை நாடி, குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பங்கள் கொண்டுவந்து விட்டுச்சென்ற மனிதர்கள். பல மதத்தவர்கள். அவர்களைக் கட்டிவைத்தவர்களும் "நோயாளியின் நன்மைக்காக" என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. அங்கே இருந்த காப்பகங்கள் மூடப்பட்டன. பிற்காலத்தில் அரசு மனநல மருத்துவர்கள் தர்காவுக்கு வருபவர்களுக்கு அங்கேயே மருந்து கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதை நமது சமுதாயம் 28 உயிர்களைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டது.

இன்று சங்கிலி இல்லாமல் இருக்கலாம். ஆனால் பூட்டிய கதவும் ஸ்பீக்கரில் பேசும் போனும் இருக்கின்றன.

நமது சட்டம் என்ன சொல்கிறது?

நமது நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பலர் நினைப்பதைவிட வலுவானது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலக் கோளாறுகளும் இந்தச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றன. பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

18 வயது நிறையாத பிள்ளையைச் சேர்ப்பது விதிவிலக்கான சூழ்நிலையில் மட்டுமே. இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் மற்றொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ, தனித்தனியாகப் பிள்ளையைப் பரிசோதித்து, சேர்ப்பது அவசியம் என்று முடிவு செய்திருக்க வேண்டும். சேர்த்த பிள்ளையைப் பெரியவர்களுடன் வைக்கக்கூடாது. பெற்றோரோ அவர்கள் அமர்த்தும் ஒருவரோ பிள்ளையுடன் சிகிச்சைக் காலம் முழுவதும் தங்க வேண்டும். பெண் பிள்ளையானால் பெண் துணை அவசியம். சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். 30 நாட்களைத் தாண்டினால் வாரியம் கட்டாயம் மறுஆய்வு செய்ய வேண்டும்.

எவரையும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதற்குத் தடை. தனியறையில் அடைப்பதற்குத் தடை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, சிறிது நேரம் உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாக அதைச் செய்யக்கூடாது. ஊழியர் பற்றாக்குறையைக் காரணம் காட்டியும் செய்யக்கூடாது! அமெரிக்க செனட் குழு இரண்டு ஆண்டு விசாரித்துக் கண்டுபிடித்த நோய்க்கு நமது சட்டத்தில் மருந்து முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குவதுதான் நடப்பதில்லை.

இப்போது அந்த 17 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். பெரியவர்களுடன் ஒரே கூடம். உடன் தங்கக் குடும்பத்தார் யாரும் இல்லை. தனியாகப் பேச வழியில்லை. யாரும் அவனை அடித்ததாக நம் இளைஞர் சொல்லவில்லை. ஆனால் அடித்தாலும் வெளியே தெரியாத ஏற்பாடு அங்கே தயாராக இருந்தது.

ரகசியம் யாருடையது?

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞரை அழைத்து நாம் சொன்ன பதில் இது.

நோயாளியின் ரகசியம் அமானிதம்தான். அவன் என்ன நோயில் இருக்கிறான், குழு அமர்வில் எதைச் சொல்லி அழுதான், குடும்பத்தில் என்ன சண்டை என்பதையெல்லாம் நீங்கள் நண்பர்களிடமோ வாட்ஸ்அப்பிலோ சொன்னால் அது மோசடி. ஆனால் அந்த ரகசியத்தின் உரிமையாளர் பையன். மையம் அதன் காவலாளி மட்டுமே. உரிமையாளரே சீட்டு எழுதிக் கொடுத்து, என் தாயிடம் சொல்லுங்கள் என்கிறபோது, காவலாளியின் படிவம் அதைத் தடுக்க முடியாது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறரைப் பற்றிப் பேசுவது அனுமதிக்கப்பட்ட ஆறு இடங்களைக் குறிப்பிடுகிறார்கள். அநீதிக்குள்ளானவர் அதிகாரம் உள்ளவரிடம் முறையிடுவதும், தவறைத் தடுக்கும் ஆற்றல் உள்ளவரிடம் அதைத் தெரிவித்து உதவி கேட்பதும் அவற்றில் முதல் இரண்டு.

அதே நேரம், ஒளிந்து போன் செய்வதைவிட நேர்வழி இருக்கிறது என்றோம். அவர் ஒரு கல்லூரியின் மாணவர். அவருக்கு மேலே களப்பணிப் பொறுப்பாசிரியர் ஒருவர் இருக்கிறார். பார்த்ததைப் பார்த்தபடி, தேதி, நேரத்துடன், ஊகத்தைக் கலக்காமல் எழுதி அவரிடம் கொடுக்க வேண்டும். உயிருக்கோ மானத்துக்கோ ஆபத்து என்றால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது; 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான உதவி எண் 1098-க்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிய வந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

அவர் எழுதிக் கொடுத்தார். பேராசிரியை மறுநாளே மையத்துக்குப் போய், சட்டத்தைச் சுட்டிக்காட்டிப் பேசியிருக்கிறார். அடுத்த வாரம் தாயார் நேரில் வந்தார். பையனுடன் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். பிறகு அவனை அங்கிருந்து அழைத்துப்போய், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, வீட்டில் இருந்தபடியே சிகிச்சை தொடர்கிறது. அவன் முழுமையாக மீண்டுவிட்டான் என்று சொல்ல மாட்டோம். நடுவில் ஒருமுறை பழைய கூட்டாளிகளுடன் போய்விட்டு வந்தான் என்று கேள்விப்பட்டோம். போதை மீட்பு அப்படித்தான்; விழுந்து எழுந்துதான் நடக்கும். ஆனால் விழும்போது பக்கத்தில் தாய் இருக்கிறார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

பிள்ளையை மையத்தில் சேர்க்கும் பெற்றோரை நாம் குறை சொல்லவில்லை. அத்தா சவூதியிலோ துபையிலோ இருக்கிறார். உம்மா தனியாளாக இருந்து, வீட்டுச் சாமான் உடைவதையும் நகை காணாமல் போவதையும் பார்த்துப் பார்த்துச் சோர்ந்துபோகிறார். மாமா ஒருவர் ஓர் இடம் தெரியும் என்கிறார். போனிலேயே முடிவாகி, ஒரு காரில் பையன் ஏற்றப்படுகிறான். சில பிள்ளைகளுக்குத் தங்கிச் சிகிச்சை பெறுவது உண்மையிலேயே அவசியம். அதை நேர்மையாகச் செய்யும் மையங்களும் இருக்கின்றன.

ஆனால் சேர்த்த பிறகு நாம் செய்யும் ஒரு காரியம்தான் ஆபத்தை வளர்க்கிறது. அக்கம்பக்கத்தில் "பையன் சென்னையில படிக்கிறான்" என்று சொல்லிவிடுகிறோம். மானத்துக்குப் பயந்து சொல்லும் அந்தப் பொய்யால், பெரியப்பா வர மாட்டார், நன்னி வர மாட்டார், பள்ளிவாசல் இமாம் வர மாட்டார். மையம் கதவைப் பூட்டுவதற்கு முன்னால் நாமே வெளியிலிருந்து ஒரு பூட்டைப் போட்டுவிடுகிறோம். யாரும் தேடி வராத பிள்ளை எது என்பது எந்த மையத்திலும் முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் சில கேள்விகளை நேருக்கு நேர் கேளுங்கள். இந்த மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா? சான்றிதழைப் பார்க்கலாமா? இரவு 10 மணிக்குப் பிறகு பிள்ளைகளுடன் இருப்பவர் யார், அவர் என்ன படித்திருக்கிறார், எத்தனை பேருக்கு ஒருவர்? பிள்ளை முரண்டு பிடித்தால் என்ன செய்வீர்கள்? முன்னறிவிப்பு இல்லாமல் நாங்கள் வரலாமா? பிள்ளையுடன் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பேசலாமா? கல்லூரி மாணவர்கள் இங்கே பயிற்சிக்கு வருகிறார்களா?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றும். ஆனால் கல்லூரிகளிலிருந்து மாணவர்களும் பேராசிரியர்களும் வந்து போகும் இடத்தில் வெளியாட்களின் கண் இருக்கிறது. ஒரு மையத்துக்கு அது பிடிக்கவில்லை என்றால் நாம் யோசிக்க வேண்டும். "முதல் ஒரு மாதம் பார்க்கவே கூடாது, அப்போதுதான் திருந்துவான்" என்று சொன்னால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள். மையத்தைத் தேடும் முன்னரே 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் ஆலோசனை பெறலாம். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவும் உண்டு. பல பிள்ளைகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

இதே கேள்விகளை நமது மத்ரஸா விடுதிகளும் தம்மிடம் கேட்டுக்கொள்வது நல்லது. "முரடன், ஓதவிட்டால் சரியாகிவிடுவான்" என்று ஒப்படைக்கப்படும் பிள்ளைகளை நாமும் பெற்றுக்கொண்டிருக்கிறோம். மனநோயையும் போதைப் பழக்கத்தையும் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத் மட்டும் சமாளிக்க முடியாது. முடியாது என்று பெற்றோரிடம் சொல்லி, மருத்துவரிடம் அனுப்புவதும் அமானிதம்தான்.

யஃகூப் நபியின் பார்வை

யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாற்றைப் பயான்களில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். இந்தக் கட்டுரையை எழுதும்போது அதன் தொடக்கம்தான் மனத்தில் வந்து நின்றது. சகோதரர்கள் தந்தையிடம் வந்து, தம்பியை எங்களுடன் அனுப்புங்கள், அவன் விளையாடிக் களிப்பான், நாங்கள் பாதுகாப்போம் என்று பொறுப்பேற்றார்கள். மாலையில் அழுதுகொண்டே திரும்பினார்கள். கையில் இரத்தம் தோய்ந்த சட்டை. ஓநாய் தின்றுவிட்டது என்ற அறிக்கை. தந்தை அந்த அறிக்கையை ஏற்கவில்லை. ஓநாய் தின்றிருந்தால் சட்டை கிழிந்திருக்க வேண்டுமே என்று அவர் கவனித்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அழகிய பொறுமையை மேற்கொண்டார். ஆனால் பிள்ளையைப் பற்றிய நினைவையும் நம்பிக்கையையும் விடவில்லை. பல ஆண்டுகள் கழித்தும், போய்த் தேடுங்கள் என்றுதான் மக்களிடம் சொன்னார்.

பிள்ளையை ஒப்படைத்த தந்தைக்கும் தாய்க்கும் இதில் படிப்பினை உண்டு. பொறுமையாக இருங்கள், சிகிச்சைக்குக் காலம் பிடிக்கும். ஆனால் கையில் கொடுக்கப்படும் சட்டையைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நேரில் போங்கள். தனியாகப் பேசுங்கள். "நல்லா இருக்கேன்" என்று சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

உளவியலும் சமூகப்பணியும் செவிலியமும் படிக்கும் நமது சமுதாயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். களப்பயிற்சியை மதிப்பெண்ணுக்கான சடங்காக முடித்துவிடாதீர்கள். ஒரு மாதம்தானே என்று கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். அங்கே இருக்கும் பிள்ளைக்கு வெளியுலகத்திலிருந்து வந்த ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். உங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு நீட்டப்பட்டால், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.